ஓரத்துப் பென்சில் கோடுகள்

பதோவா, 9 அக்டோபர் 2005, ஞாயிறு

அண்ணிக்கு,

நான் இத்தாலிக்கு வந்து இரண்டு வருடம் ஆகிறது. இதுவரை உங்களுக்கு ஒரு வரி எழுதியதில்லை. நீங்களும் எழுதியதில்லை, அதில் நாம் இருவரும் ஒருவருக்கொருவர் சளைத்தவர்கள் இல்லை. போனில் பேசலாம்தான். ஆனால் உங்கள் குரலைக் கேட்டால் எனக்குக் கோபம் முதலில் வரும், சொல்ல வந்தது அப்புறம்தான் வரும். கடிதம் என்றால் யோசித்துத் திட்டலாம்.

இன்று காலை மால்தோவா சிற்றுந்துகள் வந்து நிற்கும் இடத்துக்குப் போயிருந்தேன். பொட்டலம் கொண்டுவரும் டிரைவர் க்ரிகோரே என்னைக் கண்டதும், "அக்கா, உங்க வாலேனில குடிகாரங்க வார்டைப் பூட்டிட்டாங்களாமே" என்றான். நம் வார்டா என்று கேட்டேன். "பின்ன, உங்க ஊர்ல பத்து வார்டா இருக்கு?" என்று சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

உங்கள் தம்பி இக்னாத் அங்கே இரண்டு முறை இருந்தவர். செருப்பை மாட்டிக்கொண்டு, சொந்தத் தலையணையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, பத்து நிமிடம் நடந்து போய்ப் படுத்துக்கொள்வார். டாக்டர் பெலிவான் ஜன்னலோரக் கட்டிலைக் கொடுப்பார். மூன்று வாரத்தில் திரும்பி வருவார், அடுத்த நாலைந்து மாதம் நான் கல்யாணம் செய்துகொண்ட மனிதராக இருப்பார். இந்த முறையும் திராட்சை பறித்து முடிந்ததும் இருபதாம் தேதி போகிறேன் என்று எனக்குச் சத்தியம் செய்திருந்தார். இனி எங்கே போவார்? தலைநகரத்து ஆஸ்பத்திரிக்கு அவர் சாகும்வரை போக மாட்டார். அங்கே பெயரைக் குடிநோயாளிகள் பதிவேட்டில் ஏற்றுவார்கள், பெயர் ஏறினால் தண்ணீர் பம்ப் வேலை போய்விடும். அது உங்களுக்குத் தெரியாததா?

நீங்கள் குடிநோய் ஆய்வு மையத்தின் தலைவர். அமைச்சர்கள் உங்களைக் கேட்டுத்தான் எதையும் செய்கிறார்கள் என்று நம் ஊரே பெருமையாகப் பேசுகிறது. ஒரே ஒரு கதவைத் திறக்கச் சொல்ல உங்களால் முடியாதா?

நானே வந்துவிடுவேன். ஆனால் என்னிடம் இங்கே தங்குவதற்கான காகிதம் இல்லை, எல்லையைத் தாண்டினால் திரும்ப முடியாது. என் சம்பளத்தில் ஊரில் போடும் வீட்டுக் கூரை இன்னும் பாதிதான் முடிந்திருக்கிறது. நான் பார்த்துக்கொள்ளும் ஜெம்மா அம்மாளுக்கு வயது தொண்ணூற்றொன்று. மதியச் சாப்பாட்டோடு அரைக் கோப்பை ஒயின் குடித்துவிட்டு நாலு மணிவரை தூங்குவார். அந்த நேரம் மட்டும்தான் எனக்கு. அதை உங்களுக்குச் செலவழித்திருக்கிறேன், பதில் போடுங்கள்.

தோம்னிகா


கிஷினாவ், 20 அக்டோபர் 2005

அன்புள்ள தோம்னிகாவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. உன் கவலை எனக்குப் புரிகிறது. வாலேனி வார்டை மூடியது அமைச்சகத்தின் முடிவு. நாடு முழுவதும் எந்த மாவட்டத்துக்கு எத்தனை படுக்கை தேவை என்று புள்ளிவிவரங்களை வைத்து ஆராய்ந்து, தேவை குறைவான இடங்களிலிருந்து தேவை அதிகமான இடங்களுக்கு மாற்றியிருக்கிறார்கள். ஒரு குடும்பத்துக்காக அதை மாற்றச் சொல்வது முறையாகாது. அதுவும் என் குடும்பத்துக்காக.

இக்னாத்துக்கு இங்கே ஒரு படுக்கைக்கு ஏற்பாடு செய்கிறேன். பதிவேட்டு விஷயத்தில் என்னால் முடிந்ததைப் பார்க்கிறேன். அடுத்த மாதம் நேரில் போய் அவனோடு பேசுகிறேன். நீ மனதைப் போட்டு அலட்டிக்கொள்ளாதே, உடம்பைப் பார்த்துக்கொள்.

ராயிசா


பதோவா, 6 நவம்பர் 2005, ஞாயிறு

அண்ணிக்கு,

உங்கள் கடிதத்தில் முத்திரை மட்டும்தான் இல்லை. மற்றபடி அரசாங்கக் கடிதம்தான்.

இன்று இன்னொன்றும் வந்தது. பம்ப் ஹவுஸ் பக்கத்து வீட்டு மாரியா எனக்கு ஆட்டுப்பால் சீஸ் கொடுத்து அனுப்பியிருந்தாள். சீஸைச் சுற்றியிருந்த செய்தித்தாளைப் பிரித்தால், எண்ணெய் ஊறி, நீங்கள் நிற்கிறீர்கள். பக்கத்தில் துணை அமைச்சர். "வாலேனி மாவட்டத்தில் குடிப்பழக்கம் மிகக் குறைவு: டாக்டர் ராயிசாவின் ஆய்வு." பத்தில் ஏழு வீடுகளில் யாருமே குடிப்பதில்லையாம். வாலேனியில்! பார்க்கில் உட்கார்ந்திருந்த நம் ஊர்ப் பெண்கள் அதைச் சத்தம் போட்டு வாசித்தார்கள். ஒருத்தி சிரித்துச் சிரித்துப் பெஞ்சிலிருந்து வழுக்கிவிட்டாள். "தோம்னிகா, நம்ம ஊரு எப்போ சாமியார் மடமா மாறுச்சு?" என்று கேட்டாள். எனக்கு அந்த இடத்திலேயே உருகிப் போய்விடலாம் போல் இருந்தது.

ஏனென்றால் அந்த ஏழு வீடுகளில் என் வீடும் ஒன்று.

நான் கிளம்புவதற்கு முந்தின மாதம், தபால்கார வேரா கையில் உங்கள் படிவத்தோடு வந்தாள். ஓய்வு பெற்றபின் கணக்கெடுப்பு வேலை பார்க்கிறாளாம். வீட்டுக்கு வந்தவளை வெறுங்கையோடு உட்கார வைப்பார்களா? நிலவறையிலிருந்து ஒரு குடுவை எடுத்துவந்து ஊற்றினேன். அவள் குடித்துவிட்டு உதட்டைத் துடைத்துக்கொண்டு, "இந்த வீட்ல யாராவது குடிப்பீங்களாம்மா?" என்று படித்தாள்.

"யாரும் குடிக்கிறதில்ல" என்றேன்.

"போன ஏழு நாள்ல எத்தனை கோப்பை?"

"பூஜ்யம். இன்னொண்ணு ஊத்தவா?"

"கொஞ்சமா ஊத்து. கேள்வி இன்னும் பதினெட்டு இருக்கு."

நான் ஊற்றினேன், அவள் பூஜ்யம் எழுதினாள். உங்கள் தம்பி முற்றத்தில் மரப்பெட்டிமேல் வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தார். இரண்டு பேருமே அந்தப் பக்கம் திரும்பவில்லை.

நான் ஏன் பொய் சொன்னேன் தெரியுமா? இந்தக் காகிதம் கடைசியில் உங்கள் மேஜைக்குத்தான் வரும் என்று எனக்குத் தெரியும். நாத்தனாரின் கையில் என் வீட்டு மானத்தைக் கொடுக்க மனம் வரவில்லை. நான் படிக்காதவள், எனக்கு அவ்வளவுதான் தெரியும். நீங்கள் அந்த ஊரில் பிறந்தவர். ஏழு வீட்டில் யாரும் குடிப்பதில்லை என்று காகிதம் சொன்னால் நம்பிவிடுவீர்களா?

ஒன்று மட்டும் சொல்லுங்கள். எங்கள் வீட்டுப் படிவத்தை நீங்கள் பார்த்தீர்களா?

தோம்னிகா


கிஷினாவ், 20 நவம்பர் 2005

தோம்னிகாவுக்கு,

படிவங்களில் பெயர் இருக்காது, எண் மட்டும்தான். ஆயிரக்கணக்கான படிவங்களில் உங்களுடையது எது என்று எனக்குத் தெரிய வழியில்லை.

செய்தித்தாள் விஷயம் நீ இப்படித் தெரிந்துகொண்டிருக்கக் கூடாது. நானே சொல்லியிருக்க வேண்டும். ஆய்வு என்னுடையதுதான். கேள்விகள் வெளிநாட்டு நிதிக்காரர்களுடையவை. அவர்களுக்குக் கடையில் வாங்குவது தெரியும், பாட்டில் தெரியும். நிலவறை தெரியாது. நிலவறையைப் பற்றி ஒரு கேள்வியாவது சேர்க்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். சேர்க்கவில்லை.

காரணம் கேட்பாய். எண்பத்தாறில் நான் படிப்பை முடித்த கையோடு எனக்குக் கிடைத்த முதல் வேலை சோவியத் அரசின் மதுவொழிப்புக் கமிட்டி. வாலேனிக்கே அனுப்பினார்கள், உள்ளூர்க்காரி என்று. ஒரு போலீஸ்காரரையும் கூட்டிக்கொண்டு வீடு வீடாக நிலவறைக்குள் இறங்கிப் பீப்பாய்களை எண்ணினேன். எங்கள் வீட்டிலும் எண்ணினேன். அந்த வசந்தத்தில் சரிவில் இருந்த திராட்சைக் கொடிகளையெல்லாம் வெட்டினார்கள். அப்பா அதற்குப்பின் ஒன்றரை வருடம் என்னோடு பேசவில்லை. பேசியபோது, "உப்பை எடு" என்றார், அவ்வளவுதான். அதற்கப்புறம் வாலேனியில் எந்த வீட்டு நிலவறைப் படியிலும் நான் ஒரு கேள்வியோடு நின்றதில்லை. என் உத்தியோகம் முழுக்கத் தலைநகரத்து மேஜைகளிலேயே ஓடிவிட்டது. அறிக்கை, மாநாடு, ஆலோசனைக் குழு, திரும்ப அறிக்கை.

நேற்று இக்னாத்தைப் போய்ப் பார்த்தேன். மெலிந்திருக்கிறான். என்னைக் கண்டதும் நேராக நிலவறைக்குக் கூட்டிப்போனான். பீப்பாயிலிருந்து எடுத்து, அந்தப் பழைய ஒற்றைக் கோப்பையில் ஊற்றி, முதலில் என்னிடம் நீட்டினான்.

"இந்த வருஷத்து இசபெல்லா திராட்சை. குடிச்சுப் பாரு, அப்பா போட்ட மாதிரியே வந்திருக்கு."

"நான் இதுக்கு வரல இக்னாத்."

"தெரியும். ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட வந்திருக்க. அங்கல்லாம் நான் வரமாட்டேன். கோப்பைய வாங்கு, கை வலிக்குது."

வாங்கினேன். குடித்தேன். நன்றாகத்தான் இருந்தது. அப்புறம் அவனே சொன்னான்: "நானே நிப்பாட்டிடறேன் அக்கா. கிறிஸ்துமஸ் நோன்பு ஆரம்பிக்கிற அன்னிக்கு. டாக்டரும் வேணாம், வார்டும் வேணாம். தோம்னிகாகிட்ட சொல்லிடு." அவன் கையைப் பிடித்துக்கொண்டேன். மிகவும் சந்தோஷப்பட்டேன்.

ராயிசா


பதோவா, 27 நவம்பர் 2005, ஞாயிறு

அண்ணி,

நேற்று இக்னாத் போன் செய்தார்! நாளை நோன்பு தொடங்குகிறது, நாளையிலிருந்து ஒரு சொட்டு கிடையாது என்றார். குரல் தெளிவாக இருந்தது. "நான் சொன்னா செய்வேன்டி, நீ கூரைக்கு ஓடு பாத்துவை" என்றார். அண்ணி, நான் போனை வைத்துவிட்டு ஜெம்மா அம்மாளைக் கட்டிப்பிடித்து ஒரு சுற்றுச் சுற்றினேன். கிழவி பயந்துபோய் மாதாவைக் கூப்பிட்டது. அதற்கும் எனக்கும் சேர்த்து மதியம் நல்ல கோழி சூப் வைத்தேன், நம் ஊர்ப் புளிப்போடு. அது முகத்தைச் சுளித்தது. பரவாயில்லை, நான் குடித்தேன், எல்லாவற்றையும் நானே குடித்தேன், பாடினேன்கூட. கீழ்வீட்டுக்காரர் கதவைத் தட்டினார்.

போன கடிதத்தில் அதிகம் பேசிவிட்டேன். உங்கள் அப்பா விஷயம் எனக்குத் தெரியாது, அவர் யாரிடமும் சொன்னதில்லை. நீங்கள் போய்ப் பேசியதால்தான் இவருக்கு இந்த எண்ணம் வந்திருக்கிறது. எவ்வளவு படித்தாலும் அக்கா அக்காதான். க்ரிகோரேயிடம் உங்களுக்கு ஒரு சாம்பல் நிறக் கம்பளிச் சட்டையும் பழரொட்டியும் கொடுத்திருக்கிறேன். சட்டை பெரிதாக இருந்தால் உள்ளே ஒன்று போட்டுக்கொண்டு போடுங்கள். என் எழுத்து கோணலாக இருக்கிறது, மன்னியுங்கள், சந்தோஷத்தில் கை நிற்கவில்லை.

உங்கள் தோம்னிகா


கிஷினாவ், 8 டிசம்பர் 2005

தோம்னிகா,

போனில் நான் சொன்னது பாதி. இக்னாத் அடுப்பின்மேல் விழுந்துவிட்டான், இடது கை வெந்துவிட்டது, உயிருக்கு ஆபத்தில்லை என்று சொன்னேன். அதெல்லாம் உண்மைதான். ஏன் விழுந்தான் என்று நீ கேட்டாய், நான் போன் அட்டை தீரப்போகிறது என்று சொல்லி வைத்துவிட்டேன்.

நோன்பின் முதல் நாள் அவன் நிறுத்தினான். இரண்டாம் நாள் கை நடுங்கியது, வியர்த்தது. பக்கத்து வீட்டு த்ரோஃபிமிடம், "பழகிடும், பழகிடும்" என்றானாம். மூன்றாம் நாள் காலையில் விறகு போடும்போது வலிப்பு வந்து அப்படியே சூடான இரும்பு அடுப்பின்மேல் சாய்ந்துவிட்டான். த்ரோஃபிம் தன் பழைய காரில் தூக்கிப்போட்டுக்கொண்டு நேராக வார்டுக்குப் போயிருக்கிறார். பழக்க தோஷம். பூட்டிய கதவைத் தட்டு தட்டென்று தட்டியபிறகுதான் வார்டு இல்லை என்பது நினைவுக்கு வந்திருக்கிறது. அங்கிருந்து பக்கத்து மாவட்டத்துக்கு அறுபது கிலோமீட்டர், பனியில். வழியில் இன்னொரு வலிப்பு. இரண்டு விரல்களை எடுத்துவிட்டார்கள்.

இனி நான் எழுதப்போவதை நின்று எழுதுகிறேன், உட்கார முடியவில்லை.

இருபது வருடம் குடித்தவன் ஒரே நாளில் நிறுத்தினால் என்ன ஆகும் என்பது இந்தத் தொழிலில் முதல் வருடத்தில் படிப்பது. மருந்தோடு, மெல்லக் குறைத்து, யாராவது பக்கத்தில் இருந்து நிறுத்த வேண்டும். அதை நான் மாணவர்களுக்குப் பாடம் நடத்தியிருக்கிறேன். நிலவறையில் நான் அவன் கையைப் பிடித்துக்கொண்டபோது அந்தப் பாடம் என் நாக்கு நுனிவரை வந்தது. சொல்லியிருந்தால், "அப்போ வார்டைத் திற" என்றிருப்பான். அதனால் வாயை மூடிக்கொண்டேன். அவன் தானாகவே நிறுத்திவிட்டால் நான் செய்த தப்பு யாருக்கும் தெரியாமலே போய்விடும் என்று நினைத்தேன். அதற்குத்தான் அவ்வளவு சந்தோஷம்.

இன்னொன்று. உங்கள் படிவத்தைப் பார்க்கவில்லை என்று எழுதினேன். பொய். எண் 212. வாலேனியில் பம்ப் ஹவுஸ் தெருவில் பிள்ளைகள் இல்லாத கணவன் மனைவி, கணவனுக்குத் தண்ணீர்த் துறையில் வேலை. யாருடைய வீடு என்று எனக்குத் தெரியாதா? எல்லா இடத்திலும் பூஜ்யம். அந்தப் பூஜ்யங்களைப் பார்த்தபோது உன்மேல் எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? நன்றி. என் தம்பி வீட்டில் யாரும் குடிப்பதில்லை என்று எழுத்தில் இருக்கிறது. கையெழுத்துப் போட்டு அடுத்ததை எடுத்தேன்.

அந்தப் படிவத்தின் ஓரத்தில் பென்சிலில் நாலு கோடுகள் இருந்தன. வேராவின் படிவங்களில் எல்லாம் இருந்தன. அது என்ன என்று அப்போதே அவளைக் கேட்டேன். "ஒவ்வொரு வீட்லயும் எனக்கு ஊத்துன கோப்பை டாக்டரம்மா. சாயங்காலம் எழுத்து ஆடுனா, வேரா ஏன் ஆடுறான்னு நீங்க தெரிஞ்சுக்கணும்ல?" என்றாள். எல்லோரும் சிரித்தோம். கணினியில் ஏற்றும் பெண்களிடம், ஓரத்தில் இருப்பதைப் பார்க்க வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

உன்னிடம் மன்னிப்புக் கேட்க எனக்கு வெட்கமாக இருக்கிறது. நீ அனுப்பிய சட்டையை இன்னும் பிரிக்கவில்லை.

ராயிசா


பதோவா, 18 டிசம்பர் 2005, ஞாயிறு

அண்ணிக்கு,

உங்கள் கடிதத்தை வாசித்துவிட்டு அப்படியே மடித்து ஜெம்மா அம்மாளின் மெத்தைக்கு அடியில் வைத்தேன். நாலு நாள் எடுக்கவில்லை. எடுத்தால் கிழிப்பேன் என்று பயம்.

எனக்கு உங்களைத் திட்டத் தெரியும். இங்கே பாத்திரம் கழுவும்போதெல்லாம் திட்டினேன், கேட்க நீங்கள் இல்லை. எந்த விரல்கள் என்றுகூட நீங்கள் எழுதவில்லை. அவரிடம் போனில் கேட்டேன். சுண்டு விரலும் அதற்கு அடுத்ததுமாம். "மோதிரம் இனி உனக்குத்தான்" என்று சொல்லிச் சிரிக்கிறார். மனிதர் அந்த நிலையிலும் சிரிக்கிறார், நீங்கள் வெட்கப்பட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறீர்கள். உங்கள் வெட்கத்தை வைத்து நான் என்ன செய்ய? சூப் வைக்க முடியுமா?

பென்சில் கோடுகள் இன்னும் இருக்கின்றனவா, அழித்துவிட்டீர்களா? இருந்தால் எண்ணுங்கள். எண்ணுவதுதானே உங்கள் தொழில்.

இன்னொன்று. குடிப்பீர்களா என்று கேட்டால் எவள் ஆமாம் என்பாள்? எத்தனை பீப்பாய் போட்டீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். ஒன்று போட்டவன் இரண்டு என்பான், பக்கத்து வீட்டுக்காரனைவிடக் குறைத்துச் சொல்ல எவனுக்கும் மனம் வராது. ஈஸ்டருக்குப் போய் எத்தனை மிச்சம் என்று கேளுங்கள். அவ்வளவுதான் உங்கள் ஆய்வு. ஆனால் இந்தத் தடவை போலீஸ்காரரை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போங்கள்.

சட்டையைப் பிரித்துப் போட்டுக்கொள்ளுங்கள். கம்பளி உங்கள்மேல் கோபமாக இல்லை.

தோம்னிகா


கிஷினாவ், 29 ஜனவரி 2006

தோம்னிகா,

கோடுகள் இருந்தன. படிவங்கள் மையத்தின் அடித்தளத்தில் பெட்டிகளில் கிடந்தன. வேரா வாலேனியில் போன வீடுகள் நூற்று நாற்பது. அதில் யாரும் குடிப்பதில்லை என்ற வீடுகள் தொண்ணூற்றாறு. அந்தத் தொண்ணூற்றாறில் தொண்ணூற்றொரு வீடுகளில் வேராவுக்கு ஊற்றியிருக்கிறார்கள். மீதி ஐந்தில் இரண்டு பூட்டிக் கிடந்த வீடுகள், அவற்றுக்கும் பூஜ்யம்தான் போட்டிருக்கிறது.

நாடாளுமன்ற நலக்குழு வியாழக்கிழமை கூடியது. இந்த வருடம் எந்த வார்டுக்கு எவ்வளவு என்று அங்கேதான் முடிவு செய்வார்கள். அடுத்ததாக இன்னும் மூன்று மாவட்ட வார்டுகளை மூடும் பட்டியல் தயாராக இருந்தது, என் ஆய்வைக் காட்டித்தான். உங்கள் வீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும் என்று இக்னாத்திடம் அனுமதி கேட்டேன். "நீ சொல்லு, ஆனா நானும் வருவேன்" என்றான். எங்கள் அப்பாவின் கறுப்புக் கோட்டைப் போட்டுக்கொண்டு, கட்டுப்போட்ட கையைப் பைக்குள் விடத் தெரியாமல், கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தான். இரண்டு மாதமாக மருந்தில் இருக்கிறான், குடிக்கவில்லை.

நான் எழுந்து, என் ஆய்வு தவறு என்றேன். கோடுகளைப் பற்றிச் சொன்னேன். முதலில் சிலர் சிரித்தார்கள். அப்புறம் 212-ஆம் படிவத்தைக் கையில் எடுத்து, "இது என் தம்பி வீடு. இதில் பூஜ்யம் என்று எழுதியிருக்கிறது. இது பொய் என்று தெரிந்தே நான் கையெழுத்துப் போட்டேன்" என்றேன். இருபது வருடமாக அந்த அறையில் என்னை நம்பியவர்கள் என் முகத்தைப் பார்க்காமல் மேஜையைப் பார்த்தார்கள்.

துணை அமைச்சர் மைக்கை இழுத்து, "மேடம், உங்க குடும்பத்து விஷயத்தையெல்லாம் எதுக்கு இங்க கொண்டு வர்றீங்க? திராட்சை நாடு இது. வீட்டு ஒயினையெல்லாம் குடிப்பழக்கம்னு யாரு சொன்னா?" என்றார்.

அப்போதுதான் பின்னாலிருந்து நாற்காலி நகர்ந்த சத்தம் கேட்டது. இக்னாத் நின்றுகொண்டிருந்தான். "நான் சொல்றேங்க" என்றான். "எங்க வீட்ல குடிக்கிறது ஒரே ஒருத்தர். அது நான்." எல்லோரும் திரும்பினார்கள். அவன் அந்தக் கையைத் தூக்கிக் காட்டவில்லை, அதற்காக அவனை நான் எவ்வளவு மதிக்கிறேன் தெரியுமா. "என் பொண்டாட்டி பாவம், சொட்டுத் தொடமாட்டா. அவ பொய் சொன்னது என்னால" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டான்.

மூன்று வார்டுகளை மூடுவதை நிறுத்தியிருக்கிறார்கள். வாலேனியில் எட்டுப் படுக்கை மார்ச்சில் திறக்கும், முன்பு இருந்தது இருபது. மீதியை மறு ஆய்வுக்குப் பிறகு பார்ப்பார்களாம். மையத்தின் தலைமையிலிருந்து என்னை விலகச் சொன்னார்கள், விலகிவிட்டேன். மறு ஆய்வுக்கு வீடு வீடாகப் போக ஆட்கள் தேவை என்றார்கள். என் பெயரைக் கொடுத்திருக்கிறேன். வேரா என்னைப் பார்த்து, "உங்களால அத்தன கோப்பை தாங்க முடியுமா டாக்டரம்மா?" என்கிறாள்.

முதல் கேள்வி: எத்தனை பீப்பாய் போட்டீர்கள்? அது உன்னுடையது. புதிய படிவம் ஒன்றை இத்துடன் வைத்திருக்கிறேன், கேள்விகள் சரியாக இருக்கின்றனவா என்று நீ பார்த்துச் சொல்ல வேண்டும்.

சட்டை பெரிதாகத்தான் இருக்கிறது. உள்ளே ஒன்று போட்டிருக்கிறேன்.

ராயிசா


பதோவா, 12 பிப்ரவரி 2006, ஞாயிறு

அண்ணி,

உங்கள் கடிதத்தைப் பார்க்கில் வாசிக்கவில்லை. வீட்டில், ஜெம்மா அம்மாள் தூங்கியபின் வாசித்தேன். இக்னாத் எழுந்து நின்ற இடம் வந்ததும் சமையலறைத் தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

அவரிடம் நீங்கள் இதைச் சொல்ல வேண்டாம், நானே சொல்வேன். எப்படிச் சொல்வது என்றுதான் தெரியவில்லை. நீங்கள் கேட்டுப் பழகியவர், அதனால் உங்களிடம் முதலில்.

மதியம் கிழவி அரைக் கோப்பை குடிக்கும் என்று எழுதியிருந்தேன் அல்லவா. பாட்டிலில் மிச்சம் இருக்கும். முதல் குளிர்காலத்தில் ஒரு நாள் அதை நான் குடித்தேன், வீணாகிறதே என்று. அப்புறம் அது வீணாகவே இல்லை. இப்போது கடையில் அட்டைப் பெட்டியில் வாங்குகிறேன், சமையலுக்கு என்று சொல்லி. நாலு மணிக்குள் வாயைக் கொப்பளித்து, வெங்காயம் நறுக்கிவைத்துவிடுவேன். கிழவியின் மகள் வந்தால் வெங்காய வாசனைதான் இருக்கும். உங்களுக்கு எழுதிய எல்லாக் கடிதமும் அந்த நேரத்தில் எழுதியதுதான். கோணல் எழுத்தைச் சந்தோஷம் என்று எழுதினேன். உங்கள் பெட்டிகளில் கிடந்த பூஜ்யத்தைவிட அது பெரிய பொய்.

என் கணவர் அத்தனை பேர் முன்னால் நின்று என்னைச் சுத்தமானவள் என்று சொல்லியிருக்கிறார். அந்த அறையில் நான் இல்லாமல் போனேனே என்று அழுதேன். இருந்திருந்தால் மட்டும் வாயைத் திறந்திருப்பேனா?

கேள்விகள் சரியாக இருக்கின்றன. மூன்றாவதை மட்டும் மாற்றுங்கள். "வீட்டில்" என்று இருக்கிறது. வீட்டை விட்டு வெளியே இருப்பவர்களையும் கேளுங்கள், நாங்களும் அந்த வீட்டு ஆட்கள்தான். ஜூனில் கூரை முடிந்துவிடும். எல்லையில் என்னைத் திரும்ப விடமாட்டார்கள் என்று தெரியும், ஆனாலும் வருகிறேன். அந்த எட்டுப் படுக்கையில் பெண்களுக்கு இடம் உண்டா என்று டாக்டர் பெலிவானிடம் கேட்டு வையுங்கள். என் தலையணையை நானே கொண்டுவருகிறேன்.

படிவத்தை நிரப்பி வைத்திருக்கிறேன். பென்சிலில்தான் எழுதினேன், பேனா கைக்குக் கிடைக்கவில்லை. யாரையும் அழிக்க விடாதீர்கள்.

வீட்டு எண்: 212
போட்ட பீப்பாய்: மூன்று
இந்த வீட்டில் குடிப்பவர்கள்: இருவர்

தோம்னிகா